ஆந்தைக்கு எந்தக் காடு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் பறவைப் பக்கத்தில், அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிகோ புள்ளி ஆந்தையைக் காப்பதற்காக அங்குள்ள காடுகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விதிகளை வகுத்திருக்கிறார்கள் என்று ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பறவையை நம் ஊர்ப் பனைமரப் பொந்துகளில் காணும் சிறிய புள்ளி ஆந்தையோடு சேர்த்து எண்ண வேண்டாம். இது ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமும் கருவிழிகளும் கொண்ட பெரிய ஆந்தை. நம் தோப்புகளில் வாழும் பொரிப்புள்ளி ஆந்தை எந்தப் பேரினத்தைச் சேர்ந்ததோ, அதே பேரினத்தைச் சேர்ந்தது.

காட்டை முழுவதுமாகக் காப்பாற்றினால் அதில் வாழும் ஆந்தையும் காப்பாற்றப்படும் அல்லவா? வகை பிரிக்கும் வேலை எதற்கு?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

இந்த ஆந்தை யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களிலும், டெக்சஸின் மேற்கு மலைகளிலும், அங்கிருந்து தெற்கே மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைத்தொடர்களிலும் பரவி வாழ்கிறது. அமெரிக்கப் பகுதியில் அதன் வாழிடத்தில் பெரும்பங்கு தேசியக் காடுகளாக அரசின் கையில் இருக்கிறது. அந்தக் காடுகளில் மரம் வெட்டவும், மாடு மேய்க்கவும், விறகு எடுக்கவும், முகாமிட்டுத் தங்கவும் சட்டம் இடம் தருகிறது. இத்தனை பெரிய நிலப்பரப்பில் எல்லாவற்றையும் தடை செய்வது நடக்கிற காரியம் அன்று. அதைவிட முக்கியமாக, அந்த ஆந்தை காடு முழுவதையும் ஒரே மாதிரி பயன்படுத்துவதும் இல்லை.

இந்த ஆந்தை தானாகக் கூடு கட்டாது. முதிய மரத்தின் பொந்து, நுனி முறிந்த அடிமரத்தின் தலை, புல்லுருவி தாக்கியதால் கிளைகள் புதராகத் திரண்ட இடம், வேறு பெரிய பறவைகள் விட்டுப்போன கூடு, பாறை விளிம்பு என்று ஏற்கெனவே அமைந்த இடங்களில்தான் முட்டையிடுகிறது. இரண்டாவதாக, அதற்கு வெப்பம் ஆகாது. அதே பகுதியில் வாழும் பெரிய கொம்பு ஆந்தையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், உடலின் வெப்பத்தை வெளியேற்றும் திறன் இதற்குக் குறைவு என்று தெரியவந்தது. அதனால் பகலில் ஓய்வெடுக்க, பல அடுக்குகளாக நிழல் விழும் குளிர்ந்த மரத்தொகுதிகளையோ செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்குகளையோ அது நாடுகிறது. காட்டெலிகளும் வயலெலிகளும் பிற சிறு எலிகளும்தான் அதன் முக்கிய உணவு என்பதால், இரவில் வேட்டைக்காகப் பகலில் தங்கும் இடத்தைவிடத் திறந்த பகுதிகளுக்கும் அது வரும். ஜோசப் கேனி, ரஸ்ஸல் பால்டா போன்ற ஆய்வாளர்கள் அரிசோனாவில் ஆந்தைகளின் உடலில் சிறு ரேடியோ கருவிகளைப் பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்க உதவின. வேட்டையாடும் காட்டையும் குஞ்சு பொரிக்கும் காட்டையும் ஒன்றாகக் கருதித் திட்டமிட்டால், தவறான இடத்தைக் காத்துச் சரியான இடத்தை இழக்க நேரும்.

1993இல் இந்த ஆந்தை அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவிக்கப்பட்டது. 1995இல் வந்த மீட்புத் திட்டம் காட்டை மூன்று படிகளாகப் பிரித்தது. ஆந்தை வாழ்வதாக உறுதி செய்யப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் சுற்றிக் குறைந்தது 600 ஏக்கர், அதாவது சுமார் 243 ஹெக்டேர், பாதுகாக்கப்பட்ட நடமாட்ட மையமாக வரையப்பட்டது. 40 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள, அண்மைக் காலத்தில் மரம் வெட்டப்படாத கலப்பு ஊசியிலைக் காடுகளும் பைன்–ஓக் காடுகளும் இதே முதல் படியில் சேர்ந்தன. ஆந்தை இப்போது இல்லாவிட்டாலும் நாளை வந்து தங்கக்கூடிய கலப்பு ஊசியிலை, பைன்–ஓக், ஆற்றோரக் காடுகள் இரண்டாம் படி. பொண்டெரோசா பைன் மட்டுமே நிற்கும் காடு, உயர்மலை ஸ்ப்ரூஸ்–ஃபிர் காடு, இலையுதிர் மரமான ஆஸ்பென் தோப்பு, குட்டையான பின்யன்–ஜுனிபர் காடு ஆகியவை மூன்றாம் படி; இவற்றுக்கு ஆந்தையின் பெயரால் தனி விதி ஏதும் விதிக்கப்படவில்லை. எனவே, ஒரு மலைச்சரிவு எந்த வகையைச் சேர்ந்தது என்ற முடிவே அங்கே மரம் அறுக்கும் இயந்திரம் ஏறலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பைன் மரமும் ஓக் மரமும் எங்கும் கலந்துதானே வளரும்? ஒரு காட்டைப் பைன் காடு என்றோ பைன்–ஓக் காடு என்றோ யார், எந்த அளவுகோலால் முடிவு செய்கிறார்கள்?
*வனவியல் மாணவி, மேட்டுப்பாளையம்*

இந்த மாதம் வந்தவற்றில் மிக நுட்பமான கேள்வி இது. சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு காட்டுக்குப் பெயரிட இரண்டு வழிகள் உண்டு. இன்று அங்கே எந்த மரங்கள் நிற்கின்றனவோ அவற்றைக் கொண்டு பெயரிடுவது ஒரு வழி. நீண்ட காலம் தீயும் வெட்டும் இல்லாமல் விட்டால், அந்த மண்ணிலும் உயரத்திலும் ஈரத்திலும் கடைசியில் எந்த மரங்கள் நிலைபெறுமோ அவற்றைக் கொண்டு பெயரிடுவது இன்னொரு வழி. இரண்டாவது முறைக்கு அமெரிக்க மேற்கில் அடித்தளம் அமைத்தவர் ரெக்ஸ்ஃபோர்டு டாபன்மயர் என்ற தாவரச் சூழலியலாளர். வடக்கு ஐடஹோவின் காடுகளைப் பற்றி 1952இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மேலே நிற்கும் பெரிய மரங்களை மட்டும் பார்க்காமல், அவற்றின் நிழலில் முளைத்து வளரும் கன்றுகளையும் தரையோரச் செடிகளையும் பார்த்து நிலத்தின் இயல்பை அறியும் முறையை நிலைநிறுத்தியது.

இந்த இரண்டு வழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை ஓர் இடத்தை எண்ணிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அரிசோனாவின் நடுத்தர உயரத்தில் ஒரு வடக்குச் சரிவு இருக்கிறது என்று கொள்வோம். மேல்தட்டில் பெரிய பொண்டெரோசா பைன் மரங்கள் நிற்கின்றன. முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோரமாக மெல்லிய தீ ஓடி, நிழலில் முளைக்கும் வெள்ளை ஃபிர், டக்ளஸ் ஃபிர் கன்றுகளை எரித்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் தீயை உடனுக்குடன் அணைக்கத் தொடங்கியதும் அந்தக் கன்றுகள் பிழைத்துத் தழைத்தன. இன்று நிற்பதை மட்டும் பார்ப்பவர் அதைப் பைன் காடு என்பார்; நிலத்தின் இயல்பைப் பார்ப்பவர் கலப்பு ஊசியிலைக் காடு என்பார். இதற்கு மாறாக, பெருந்தீக்குப் பிறகு முழுவதும் ஆஸ்பென் முளைத்திருக்கும் ஒரு சரிவு, நூறு ஆண்டுகளில் மீண்டும் ஊசியிலைக் காடாக மாறும் இயல்பு கொண்டதாக இருக்கலாம். இன்றைய தோற்றம் ஒன்றையே நம்பினால் நாளைய வாழிடம் கணக்கில் வராது. நிலத்தின் இயல்பை மட்டுமே நம்பினால், இப்போது ஆந்தைக்கு எந்த வகையிலும் பயன்படாத இளங்காட்டையும் வாழிடமாக எழுதிவிடுவோம். 1995 திட்டத்தை வகுத்த குழு இரண்டையும் இணைத்தே வரையறை செய்தது. முதலில் நிலத்தின் இயல்பைக் கொண்டு ஒரு தொகுப்பைக் குறித்து, பிறகு இன்றைய மரக்கலவையைக் கொண்டு அதில் விலக்குகளைக் கொடுத்தார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது.

இனி பைன்–ஓக் காட்டுக்கு வருவோம். பொண்டெரோசா பைன் காட்டில் கேம்பெல் ஓக் என்ற இலையுதிர் ஓக் மரம் ஆங்காங்கே கலந்து நிற்கும். அது போதிய அளவு இருக்கும் இடங்களில்தான் ஆந்தை தங்கிக் குஞ்சு பொரிக்கிறது. ஓக்கின் முதிய அடிமரங்கள் பொந்து விடுகின்றன. அதன் கொட்டைகளைத் தின்ன எலிகள் வருகின்றன. பைன் மரங்களின் உயர்ந்த விதானத்துக்குக் கீழே ஓக் இரண்டாவது நிழல் அடுக்கை உண்டாக்குகிறது. ஆனால் 'போதிய அளவு' என்று மட்டும் எழுதி வைத்தால் ஒவ்வொரு சரகத்திலும் ஒவ்வொரு பொருள் கொள்வார்கள். அதனால் திட்டம் ஓர் எண்ணைச் சொல்கிறது: அடிவிட்டம் 5 அங்குலம் அல்லது அதற்கு மேல் உள்ள கேம்பெல் ஓக் மரங்கள், மரத்தொகுதியின் மொத்த அடிமரப் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். அடிமரப் பரப்பு என்பது, ஓர் ஏக்கரில் நிற்கும் மரங்களின் தண்டுகளை எல்லாம் மார்பு உயரத்தில் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டப் பரப்புகளின் கூட்டுத்தொகை. ஓக் அடியிலேயே பல தண்டுகளாகக் கிளைப்பதால் அதை மட்டும் வேர்க்கழுத்தில், அதாவது தண்டு வேரோடு சேரும் இடத்தில், அளக்கிறார்கள்.

ஒன்பது சதவீதம் ஓக் உள்ள காட்டில் ஆந்தை வாழாது என்பது இதன் பொருள் அன்று. எந்த எண்ணை வைத்தாலும் அதன் விளிம்பில் இப்படிச் சில இடங்கள் சிக்கும். ஆயினும் எண் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால், மரம் வெட்ட விரும்புபவரும் ஆந்தையைக் காக்க விரும்புபவரும் ஒரே நாடாவைக் கொண்டு போய் அளந்து பார்த்து வாதிடலாம். பாதுகாப்பு விதிகளில் அழகான பொதுச் சொற்களைவிட, சரிபார்க்கக்கூடிய குறைபாடுள்ள எண்ணே மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'முதிய காடு' என்பதை மரங்களின் வயதைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்களா?
*வாசகர், திருநெல்வேலி*

இல்லை. இந்த ஆந்தையைப் பொறுத்தவரை வயதைவிடக் காட்டின் அமைப்பே அளவுகோல். 1995 திட்டத்தின்படி, இரண்டாம் படியில் உள்ள கலப்பு ஊசியிலைக் காட்டில் ஒரு பங்கு, ஏக்கருக்கு 170 சதுர அடி அடிமரப் பரப்பும், 18 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரங்கள் ஏக்கருக்கு 20ம் கொண்டதாக எப்போதும் இருக்க வேண்டும். 2012இல் வெளியான திருத்தப் பதிப்பில் இந்த எண்கள் மாற்றி அமைக்கப்பட்டன. 24 அங்குலத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்பதும் முதல் திட்டத்தில் இருந்தது. ஒரு மரம் நூறு ஆண்டுகளில் எட்டும் பருமனை, ஈரமான பள்ளத்தில் நிற்கும் அதே இன மரம் பல ஆண்டுகள் முன்பே எட்டிவிடும். பொந்து விழுவதும் நிழல் தருவதும் பருமனையும் அடுக்கையும் பொறுத்தவை என்பதால் வயதைப் பின்னுக்குத் தள்ளியது சரிதான்.

செங்குத்துச் சரிவுகளை முதல் படியில் சேர்த்ததற்கும் இதில் விடை இருக்கிறது. அங்கே குளிர்ச்சி அதிகம் என்பது ஒரு காரணம். இயந்திரங்கள் ஏற முடியாமல் போனதால் பெரிய மரங்கள் தப்பிப் பிழைத்த இடங்களும் அவைதான்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இன்று எல்லாவற்றையும் கணினியிலேயே வகை பிரித்துவிடலாமே? இன்னும் ஏன் காட்டில் நடந்து அளக்கிறார்கள்?
*மென்பொருள் பொறியாளர், சென்னை*

பெரும்பரப்பை முதலில் சலித்தெடுக்கச் செயற்கைக்கோள் படங்கள் இன்றியமையாதவை. விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி அளக்கும் லைடார் முறை மரங்களின் உயரத்தையும் விதானத்தின் அடுக்குகளையும் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் பைன் மரங்களின் நிழலுக்குள் நிற்கும் ஓக் மரத்தின் அடிவிட்டம் 5 அங்குலமா 4 அங்குலமா என்பதையும், முறிந்த தண்டின் உச்சியில் குழி இருக்கிறதா என்பதையும் படம் சொல்லாது. மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு சரிவுகளில் ஒன்று பைன் காடாகவும் மற்றொன்று பைன்–ஓக் காடாகவும் இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

மேலும், காட்டின் வகையை அறிவதும் ஆந்தை இருப்பதை அறிவதும் வெவ்வேறு வேலைகள். இரவில் குறிப்பிட்ட இடங்களில் நின்று ஆந்தையின் குரலைப் போலக் கூவி, மறுகுரல் வருகிறதா என்று கேட்கிறார்கள். பதில் வந்தால், பிறகு உயிருள்ள சுண்டெலியை அதன் பார்வையில் படும்படி விட்டு, அதைப் பிடித்த ஆந்தை எங்கே கொண்டு போகிறது என்று கவனிக்கிறார்கள். கூட்டில் துணையோ குஞ்சோ இருந்தால் இரையை அங்கே எடுத்துச் செல்லும். 600 ஏக்கர் மையத்தின் எல்லையை வரைபடத்தில் வரைவதற்கு இந்த உழைப்பே ஆதாரம்.

மரங்களை நெருக்கமாக விட்டால் தீப்பிடிக்கும், சிலவற்றை வெட்டி இடைவெளி விட்டுக் கலைத்துவிட்டால் ஆந்தை போய்விடும் என்றால் என்னதான் செய்வது?
*ஓய்வுபெற்ற வனவர், தேனி*

காட்டில் பணியாற்றியவர் கேட்கும் கேள்வி என்பது படித்தவுடனேயே புரிந்தது. அமெரிக்காவில் இதற்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. 1993இல் ஆந்தையைப் பட்டியலில் சேர்த்தபோது, ஒரே வயதுடைய மரங்களை மட்டும் வளர்த்து வெட்டும் மரத்தொழில் முறையே முதன்மையான ஆபத்தாகக் கருதப்பட்டது. 2012 திருத்தத்தில் அந்த இடத்துக்கு விதானம் வரை ஏறி மரத்தொகுதியையே அழிக்கும் பெருந்தீ வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அரிசோனாவில் 2002இல் ரோடியோ–செடிஸ்கி தீ சுமார் 4,68,000 ஏக்கரையும், 2011இல் வாலோ தீ சுமார் 5,38,000 ஏக்கரையும் கடந்து சென்றன. இரண்டுமே ஆந்தைகள் வாழும் காடுகள்.

தீ எல்லாம் ஒரே தரத்தது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மிதமாக எரிந்த இடங்களில் ஆந்தைகள் தொடர்ந்து வாழ்வதும், எரிந்த விளிம்புகளில் எலி வேட்டைக்கு வருவதும் பதிவாகியிருக்கின்றன. கடுமையாக எரிந்த இடம் எவ்வளவு பெரியதாக இருந்தால் ஆந்தை விட்டுப் போகும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பல ஆயிரம் ஏக்கர் தொடர்ச்சியாகக் கரியானால், கூட்டுக்கு உரிய பெரிய மரங்கள் மீண்டும் உருவாக ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் ஆகும்.

இங்கேதான் வகைப்பாடு திட்டமிடுபவருக்குக் கைகொடுக்கிறது. மூன்றாம் படியில் உள்ள தனிப் பைன் காடுகளில் இளமரங்களைக் கலைத்து, தரையோரத் தீயைத் திட்டமிட்டு ஓடவிட்டால், ஆந்தை தங்கும் பள்ளத்தாக்கை நோக்கி வரும் தீயின் வேகம் குறையும். நடமாட்ட மையங்களுக்குள் 1995 திட்டம் மிகுந்த தயக்கத்தோடுதான் கைவைத்தது: கூட்டைச் சுற்றி 100 ஏக்கரை முற்றிலும் விட்டுவிட்டு, எஞ்சிய பகுதியில் 9 அங்குலத்துக்குக் குறைந்த மரங்களை மட்டும், அதுவும் சில மையங்களில் மட்டும் அகற்றலாம் என்றது. 2012 பதிப்பு, கூட்டுப் பகுதிக்கு வெளியே உள்ள மையப் பரப்பில் ஒவ்வொரு மேலாண்மைப் பிரிவிலும் 20 சதவீதம் வரை இத்தகைய வேலைக்கு இடம் தந்தது. அந்த வேலைக்குப் பிறகு ஆந்தைகள் என்ன ஆயின என்று கணக்கெடுக்க வேண்டும் என்பதும் அதோடு இணைந்த நிபந்தனை.

அந்தக் கணக்கெடுப்பைச் செய்யாமல் விட்டதால் நேர்ந்ததை நம் வனத்துறையினரும் அறிந்திருப்பது நல்லது. ஆந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதை அரசு அமைப்புகள் உரிய முறையில் கண்காணிக்கவில்லை என்று வைல்ட்எர்த் கார்டியன்ஸ் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2019 செப்டம்பரில் டூசான் நகரக் கூட்டாட்சி நீதிமன்றம், நியூ மெக்சிகோவின் ஐந்து தேசியக் காடுகளிலும் அரிசோனாவின் டோன்டோ காட்டிலும் மரம் சார்ந்த பணிகளை நிறுத்தி வைத்தது. குளிர்காலத்துக்கு விறகு எடுக்கும் அனுமதிகூடச் சிறிது காலம் முடங்கி, மலைக் கிராமங்களின் எளிய குடும்பங்கள் தவித்தன. 2020இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஆந்தையைக் காக்கும் சட்டத்தின் மீது உள்ளூர் மக்களுக்கு வெறுப்பு வளர்வதைவிட ஆந்தைக்குப் பெரிய ஆபத்து வேறு இல்லை. அதனால் கண்காணிப்புக்கு ஒதுக்கும் பணத்தை வீண் செலவாகக் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாழிடத்தைச் சரியாக வகைப்படுத்திக் காத்துவிட்டால் ஆந்தை பிழைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியுமா?
*ஆசிரியை, தஞ்சாவூர்*

முடியாது. இதே இனத்தின் வடக்குக் கிளையான வடக்குப் புள்ளி ஆந்தை அதற்குச் சான்று. 1990இல் அதுவும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1994இல் வாஷிங்டன், ஒரிகன், வடக்குக் கலிபோர்னியா ஆகிய பகுதிகளில் 2 கோடியே 45 லட்சம் ஏக்கர் அரசு நிலத்துக்கான வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்து, முதிர்ந்த காடுகளுக்கெனப் பெரிய காப்பகங்களை ஒதுக்கியது. காடு பெரும்பாலும் நின்றது. ஆந்தையோ குறைந்துகொண்டே வந்தது. கண்டத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பரவி வந்த பட்டை ஆந்தை அந்த இடங்களைக் கைப்பற்றியதே முக்கிய காரணம். அதை 30 ஆண்டுகளில் 4,50,000 வரை சுட்டு அகற்றும் திட்டத்தை 2024இல் அரசு ஏற்றது. மனம் ஒப்பாத முடிவுதான். காப்பகங்கள் இல்லாமல் போயிருந்தால் இந்த விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

இலங்கையிலும் அரிய ஆந்தை ஒன்று உண்டல்லவா? அங்கே இத்தகைய வகைப்பாடு பயன்படுமா?
*வாசகர், மட்டக்களப்பு*

நீங்கள் குறிப்பிடுவது செரண்டிப் சிற்றாந்தையை. 1995இல் இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அதன் அறிமுகமற்ற குரலைக் கேட்டார்; 2001இல்தான் அதைக் கண்ணால் காண முடிந்தது; 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. சிங்கராஜ வனத்துக்காகப் போராடிய தீலோ ஹொஃப்மனின் பெயர் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. ஈரவலயத்தின் தாழ்நில மழைக்காடுகளில், சிங்கராஜ, கித்துல்கல போன்ற இடங்களில், அடர்ந்த கீழ்த்தாவரங்களுக்கிடையே தரைக்கு அருகில் இரை தேடும் பறவை அது. எனவே உயர்ந்த விதானம் மட்டும் அதற்குப் போதாது. சிங்கராஜவின் விளிம்பில் நடப்பட்ட பைன் தோட்டங்களும் படத்தில் பச்சையாகத்தான் தெரியும்; மழைக்காட்டின் கீழடுக்கு அங்கே இல்லை. வகைப்பாட்டில் 'காடு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்குவது இந்த ஆந்தைக்கு நேரடியாகத் தீங்கு செய்யும்.

இந்தியாவில் அழியும் நிலையில் உள்ள ஆந்தைக்கு நம் காட்டு வகைப்பாடு உதவுகிறதா?
*ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்*

நடு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையை எடுத்துக்கொள்வோம். பிளூயிட் என்பவர் சேகரித்த பறவையைக் கொண்டு பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1873இல் இதை விவரித்தார். 1884க்குப் பிறகு நம்பத்தக்க பதிவே இல்லாமல் போய், அழிந்துவிட்டதோ என்று பலரும் எண்ணினார்கள். ஆங்கிலேயப் பறவை சேகரிப்பாளர் ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹேகன் 1914இல் குஜராத்தில் பிடித்ததாகச் சொன்ன ஒரு பறவை தேடுபவர்களைத் திசை திருப்பியது. அது வேறொருவர் சேகரித்த பழைய பறவையைத் திருடிப் பொய்ச் சீட்டு ஒட்டியது என்பதை அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் கண்டறிந்தார். பொய்யான இடத்தை நீக்கிவிட்டு உண்மையான இடங்களை மட்டும் நம்பித் தேடிய அவரும் உடன் சென்றவர்களும், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாகாதா அருகே அந்த ஆந்தையை மீண்டும் கண்டார்கள். ஓர் இடக் குறிப்பு பொய்யானால் நூறாண்டு காலத் தேடல் வீணாகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

நம் நாட்டுக் காடுகளை வகைப்படுத்த இன்றும் பயன்படுவது வனவியலாளர் சாம்பியன் 1936இல் தொடங்கி, சேத் என்ற வனவியலாளருடன் இணைந்து 1968இல் விரிவாக்கிய முறை. இது தட்பவெப்பத்தையும் மரக்கலவையையும் அடிப்படையாகக் கொண்டு காடுகளை 16 பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறது. காட்டுச் சிற்றாந்தையின் ஆரம்பப் பதிவுகளில் பல, வறண்ட இலையுதிர் காட்டின் தேக்கு வகையில் அமைந்தன. அதனால் மேல்காட், யாவல், மத்தியப் பிரதேசத்தின் கக்னார் போன்ற இடங்களில் தேடிக் கண்டுபிடிக்க இந்த வகைப்பாடு நல்ல வழிகாட்டியாயிற்று. ஆனால் 2014இல் மும்பைக்கு அருகே தான்சா காப்பகத்தின் ஈரப்பசை மிகுந்த இலையுதிர் காட்டிலும் அது காணப்பட்டது. வறண்ட தேக்குக்காடு என்ற எல்லைக்குள்ளேயே தேடியிருந்தால் அங்கே யாரும் போயிருக்க மாட்டார்கள். புதிய இடங்கள் தெரியவந்ததையும் கணக்கில் கொண்டு, மிக அருகிய நிலையிலிருந்து அருகிய நிலைக்கு 2018இல் அதன் தரநிலை மாற்றப்பட்டது.

எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது வகைப்பாடு. இந்திய வன அளவை நிறுவனம் விதான அடர்த்தி 70 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை திறந்த காடு என்று பிரிக்கிறது. நாடு முழுவதையும் ஒப்பிட இது தேவையான அளவுகோல்தான். ஆனால் அறிக்கையைப் படிப்பவர்கள் அடர்த்தியையே தரமாக எண்ணிவிடுகிறார்கள். காட்டுச் சிற்றாந்தை பகலில் நடமாடி, இலையற்ற கிளையில் உட்கார்ந்து, இடைவெளிகளில் ஓடும் பல்லியையும் எலியையும் வெட்டுக்கிளியையும் பிடித்து உண்பது. முதிய மரத்தின் பொந்தில் முட்டையிடுவது. அதற்குத் திறந்தவெளியும் வேண்டும், பொந்துள்ள பெரிய மரமும் வேண்டும். அந்த இடைவெளிகளைச் 'சீரழிந்த காடு' என்று குறித்து நெருக்கமாகக் கன்று நட்டாலும் கெடுதல். பொந்து மரத்தை உதவாத மரம் என்று வெட்டினாலும் கெடுதல். நம் வனக்கோட்டங்களின் பணித்திட்டங்களில் காட்டு வகை, அடர்த்தி ஆகிய இரண்டு நிரல்களுக்குப் பக்கத்தில் பொந்து மரங்களுக்கென மூன்றாவது நிரல் ஒன்றைச் சேர்த்தால், அமெரிக்கத் திட்டத்தின் ஓக் மரக் கணக்கு செய்யும் வேலையை அது இங்கே செய்யும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. மர அளவீட்டுக்குச் செல்லும் வனக்காப்பாளர்களே குறித்து வரலாம்.

ஆந்தையைக் காணும் எங்களைப் போன்ற ஆர்வலர்கள் எதைக் குறித்து வைத்தால் இத்தகைய திட்டங்களுக்குப் பயன்படும்?
*பறவை நோக்கர், கோத்தகிரி*

பறவையின் பெயரும் தேதியும் மட்டும் போதாது. ஆந்தை உட்கார்ந்திருந்த மரம் எது, மார்பு உயரத்தில் அதன் சுற்றளவு எவ்வளவு, பொந்தோ முறிந்த தண்டோ இருந்ததா என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு சுற்றிலும் பத்து மரங்களின் இனத்தையும் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து பார்த்து வானம் எவ்வளவு தெரிகிறது, கீழே புதர் இடுப்பளவா தலையளவா, சரிவு எந்தத் திசையை நோக்குகிறது, நீர் எவ்வளவு தொலைவில் என்பவற்றையும் சேருங்கள். இயற்கையாக வளர்ந்த காடா, நட்டு வளர்த்த தோட்டமா என்பதைத் தவறாமல் குறியுங்கள். நீலகிரியில் சோலைக்கும் அதன் அருகில் நிற்கும் யூகலிப்டஸ், சீகைத் தோட்டங்களுக்கும் இடையே இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் பதிவைப் பயன்படுத்தவே முடியாது. ஆந்தை இல்லாத இடத்தில் இதே அளவுகளை எடுத்து வைப்பதும் அதே அளவுக்கு முக்கியம், ஏனெனில் ஒப்பிடும்போதுதான் ஆந்தை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று தெரியும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிப் போக வேண்டாம். கூடுகட்டும் காலத்தில் ஒலிப்பதிவை இயக்கி ஆந்தையை அழைக்கவும் வேண்டாம். மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடிப்பவர்கள் இன்னும் இருப்பதால், கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடாமல் வனச்சரக அலுவலகத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் தெரிவியுங்கள்.